கிடைத்தது என்று சொல்லும் வரை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை அம்மாவுக்கு விளக்கப் போய்ப் பல வருஷம் தோற்றிருக்கிறேன். காக்கநாட்டில் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர், காலையில் போனால் சாயங்காலம் வருவாள் என்கிற அளவில் அவளுக்குத் திருப்தி. ஒருநாள் நானே பொறுமையாக உட்கார்ந்து சொன்னேன். எங்கோ ஓரிடத்தில் ஏதோ நடக்கிறது. ஒரு கதவு திறக்கிறது, ஒரு குளிர்பெட்டி சூடாகிறது. அந்தச் சேதி கிளவுடில் ஒரு வரிசையில் வந்து நிற்கும். அதை எடுத்துக்கொண்டு போய், அது தேவைப்படுகிறவர்களுடைய வலை முகவரியில் சேர்க்கும்படி செய்வது என் வேலை. முகவரி "கிடைத்தது" என்று பதில் சொன்னால் சேதி வரிசையை விட்டுப் போய்விடும். பதில் வராவிட்டால் மறுபடி போகும். அப்போதும் இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி. பிறகு இன்னும் கொஞ்சம் பொறுத்து. இப்படியே பதில் வரும் வரைக்கும்.

அம்மா உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "நான் உங்களைச் சாப்பிடக் கூப்பிடற மாதிரியாக்கும்" என்றாள். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு வாரம் பாடம் எடுக்கிறார்கள். அம்மா சொன்னதை முதல் நாளே சொல்லி முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த வேலையை நான் வீட்டுக்குள் கொண்டுவந்தது என் தங்கைக்காக.

தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவள் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். அவர் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறார். இவள் பல் வைத்தியர்களுக்குப் பல் செய்து கொடுக்கும் லேபில் இருக்கிறாள். நாங்கள் எல்லாரும் கையால்தான் பேசிக்கொள்வோம். ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறாள். மூக்கின் பக்கத்தில் விரலைச் சுண்டினால் அம்மா, மூக்குத்திக்காக. மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவதுபோல் காட்டினால் நான். கோபமாக இருக்கும்போது அவள் அதைத் தள்ளுகிற வேகத்தில் எனக்குக் கண்ணாடியே உடைந்துவிடும் போலிருக்கும்.

கல்யாணம் ஆனதும் அவர்கள் மட்டாஞ்சேரியில் வீடு பிடித்தார்கள். கொச்சங்காடிக்குப் போகிற வழி. கீழே சுக்கு மூட்டை அடுக்கின கிடங்கு, மேலே இவர்கள். எனக்கு அந்த வீடு துளியும் பிடிக்கவில்லை. ஓட்டு வீடு, ஏணி மாதிரி ஒரு மரப்படி, தரை முழுக்கப் பழைய பலகை, நடந்தால் முனகல். வேண்டாம் என்று நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடு அறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒவ்வொருவராகப் படியேறி வரச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் ஏறினார். அம்மா ஏறினாள். நான் ஏறினேன். திரும்பாமலே, ஏறுவது யார் என்று ஒவ்வொரு தடவையும் கையால் சொன்னாள்.

"நம்ம கலூர் வீட்டுல மொசைக் தரை" என்றாள் பிறகு. "அங்க நீங்கள்ளாம் பேய் மாதிரி. திடீர்னு பின்னாடி வந்து நிப்பீங்க. இங்க எனக்கு எல்லாரும் வரது தெரியும்." அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. கையையும்தான்.

போன வருஷம் அவளுக்குப் பெண் பிறந்தது. லேபில் லீவு போட்டுவிட்டுப் பிரசவத்துக்குக் கலூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூன்றாம் மாதம் தாயையும் குழந்தையையும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிட வேண்டும். குழந்தைக்குக் கேட்கும் சக்தி இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிட்டார்கள். இருக்கிறது என்றார்கள். அம்மா கோயிலுக்குப் போனாள். தங்கை, "அப்ப இவளுக்கு ரெண்டு பாஷை" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் மாதம் வந்தது. அம்மா கொண்டுவிடவில்லை. கர்க்கடகம், நம் ஆடி மாதம், பிறந்துவிட்டது, கர்க்கடகத்தில் யாராவது பச்சைக் குழந்தையைக் கொண்டுவிடுவார்களா என்றாள். கர்க்கடகம் முடிந்தது. ஊசி போட்டு மேல் சுடுகிறது என்றாள். சூடு இறங்கியது. ஓணம் வருகிறதே, முதல் ஓணம் பாட்டி வீட்டில்தானே என்றாள். மனசு வைத்தால் சாக்குக்கா பஞ்சம். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் நேந்திரம்பழச் சீப்போடு வந்து, தொட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாயா குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நேந்திரம்பழம் அழுகியது.

ஓணம் கழிந்ததும் தங்கை கேட்காமலே பெட்டியை எடுத்து வைத்தாள். அன்றைக்குத்தான் அம்மா உள்ளதைச் சொன்னாள்.

"பகல்ல அவ தனியாக்கும். கொழந்தை தொண்டை வறள அழுதா யாருக்குக் கேக்கும்? கீழ இருக்கிற சுக்கு மூட்டைக்குக் கேக்குமா?"

கோபம் வந்தால் அம்மா கையை மறந்து வாயால் மட்டும் பேசுவாள். தங்கைக்குக் கோபம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் கதவைச் சாத்துகிற விதம் அது. நடுவில் நான், ஒருத்திக்குக் கையும் இன்னொருத்திக்கு வாயுமாக. தங்கை கண்ணைத் திறந்து சொன்னது இவ்வளவுதான்: "குழந்தை என்னுது. வீடும் என்னுது. ரெண்டையும் சேர்த்து வச்சுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

எனக்கு அவள் பக்கம் நியாயம் இருப்பது தெரிந்தது. அம்மாவின் பயமும் தெரிந்தது. எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். அழுகையும் ஒரு சேதிதானே என்றேன். தொட்டில் பக்கத்தில் ஒரு பழைய போன் வைப்போம். அழுகை கேட்டால் அது கிளவுடுக்குச் சொல்லும். கிளவுடு அதைத் தங்கை வீட்டு முகவரிக்கு அனுப்பும். அந்த முகவரி என்பது அலமாரி மேல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. சேதி வந்ததும் அது எல்லா அறையிலும் விளக்கை மின்ன விடும், இவள் மணிக்கட்டில் பட்டை அதிரும்.

தங்கை கவனமாகப் பார்த்தாள். "பக்கத்து ரூம்ல அழற குழந்தையோட சேதி எங்க போயிட்டு வரும்?"

"மும்பை."

"மும்பை போயிட்டு வந்து எனக்குச் சொல்லும்."

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்."

அவள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். இருவரும் சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு இல்லையா, எனக்கு என் வரிசைகள் அப்படி. ஆனாலும் அவள் சம்மதித்தாள். அம்மாவைச் சமாதானப்படுத்த அதுதான் வழி என்றால் மும்பை என்ன, டெல்லி வழியாகவே வரட்டும் என்றாள்.

அம்மாவின் நிபந்தனை வேறு இருந்தது. எங்கள் வீட்டில் தங்கையைக் கூப்பிட வேண்டுமென்றால் விளக்கு சுவிட்சை இரண்டு தடவை போட்டு அணைப்போம். அவள் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவாள். கை தூக்கினால்தான் சேதி போய்ச் சேர்ந்தது. கை தெரியும் வரை அம்மா சுவிட்சை விடமாட்டாள். எத்தனையோ சுவிட்சு இதில் போயிருக்கிறது. அதையே இதற்கும் கேட்டாள். "விளக்கு மின்னினா மட்டும் போறாது. அவ பாத்தாளான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கை தூக்கணும்."

அதனால் தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பொத்தான் வைத்தேன். தங்கை வந்து அதை அமுக்கினால்தான் பெட்டி "கிடைத்தது" என்று கிளவுடுக்குப் பதில் சொல்லும். அமுக்காவிட்டால் அழுகைச் சேதி மறுபடி வரும், விளக்குகள் மறுபடி மின்னும். பல தடவை ஆகியும் பதில் இல்லையென்றால் அந்தச் சேதி வேறொரு வரிசைக்குப் போகும். அங்கிருந்து அம்மாவின் போனுக்கு. ஒரு மாதம் பார்ப்பது, அம்மாவின் போனுக்கு அப்படி ஒரு சேதி வந்தால் தங்கையும் குழந்தையும் கலூருக்குத் திரும்பிவிடுவது, வராவிட்டால் அம்மா அதைப் பற்றி இனி பேசுவதில்லை. இது ஒப்பந்தம். தங்கை அம்மாவின் உள்ளங்கையில் தட்டி ஒப்புக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் பொருத்தினோம். தங்கை தொட்டிலைத் தானே கட்டினாள். உத்தரத்தில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், அதில் அம்மாவின் பழைய பருத்திச் சேலை. சமையலறையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் பால்கனியிலிருந்தும் தெரிகிற இடமாகப் பார்த்துக் கட்டி, ஸ்பிரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பன் தொங்கவிட்டாள். அழகுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனை ஓட்டம் தொடங்கியது. விளக்குகள் மின்னின. குழந்தை மாப்பிள்ளையின் மடியில் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. மறுபடி மின்னின. அம்மா என்னைப் பார்த்தாள். நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே தெருவில் ஆட்டுக்குட்டி ஒன்று தாயைத் தேடிக்கொண்டு கத்தியது. மட்டாஞ்சேரியில் ஆடுகள் மனிதர்களைவிட நிதானமாக நடமாடும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, ஆட்டுக்கும் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போனுக்குப் புரியவைத்தேன். தங்கை ஆட்டைப்போல் காதை ஆட்டிக் காட்டிக்கொண்டே எனக்குச் சாயா கொண்டுவந்தாள்.

அதன்பின் சில நாள் நிம்மதியாகப் போயிற்று. அம்மாவின் போன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். குளிக்கப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். வந்ததும், "ஒண்ணும் வரலியா?" என்பாள். வரவில்லை என்றால் நிம்மதியாகத் தலையை ஆட்டுவாள். அந்த முகத்தில் நிம்மதி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். காலியான கூடத்தில் தொட்டில் கட்டியிருந்த கொக்கி மட்டும் இருந்தது. அதைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், துணி காயப்போடலாம் என்றாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த காலையில், அம்மாவின் போன் அலறியது. அவள் எடுத்துப் பார்ப்பதற்குள் மறுபடி அலறியது. பிறகு மறுபடி. தங்கைக்குச் செய்தி அனுப்பினேன், பார்க்கவில்லை. வீடியோ கால் போட்டேன், எடுக்கவில்லை. நான் லேப்டாப்பை மூடுவதற்குள் அம்மா செருப்பு மாட்டிவிட்டாள். கையில் ஒரு காலிப் பை. குழந்தையின் துணிகளை எடுத்துவர என்று எனக்கு உடனே புரிந்தது.

கலூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் போவது சாதாரண நாளிலேயே பொறுமைக்கு ஒரு பரீட்சை. அன்று தேவரா ஜங்ஷனைத் தாண்டி, தீவுக்குப் போகும் பாலத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "பிளாக்காணு சேச்சி" என்றார். அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. போன் அவள் மடியில் இன்னும் ஒரு தடவை அலறியது. ஆயிரம் குளிர்பெட்டிச் சேதிகள் பதில் இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன், கொட்டாவி விட்டுக்கொண்டே சரிசெய்திருக்கிறேன். இதைப் பார்க்கவே முடியவில்லை. தோப்பும்படி வந்தபோது நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எப்போது பிடித்தேன் என்று தெரியாது.

படியேறினோம். பாதிப் படியிலேயே மேலே தங்கை வந்து நின்றுவிட்டாள். காலடியிலேயே எங்களை அடையாளம் கண்டுவிட்டாள். தோளில் குழந்தை. பால் குடித்த களைப்பில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. அவளுக்குப் பின்னால் வீடு முழுக்க விளக்குகள் கல்யாண வீடு மாதிரி மின்னி மின்னி அணைந்தன. உன் போன் எங்கே என்றேன். பீரோ மேல், சார்ஜில்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்று கண்ணாலேயே கேட்டாள், முகம் வெளுத்துப்போய்.

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்ததும் வாயால் மட்டும் பேசினாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், சேதி வந்துவிட்டது, பெட்டியைக் கட்டு என்றாள். நான் அதைக் கையில் சொல்லத் தயங்கினேன். தங்கைக்கு நான் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. அம்மாவின் கையில் இருந்த காலிப் பையைப் பார்த்தாள்.

அவள் என்னிடம் வந்தாள். தூங்குகிற குழந்தையைத் தூக்கி என் கைகளில் கிடத்தினாள். கழுத்து இன்னும் முழுக்க நிற்காத பருவம் போலத்தான் எனக்கு எப்போதும் பயம், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் சுவரில் இருந்த பொத்தானைக் காட்டினாள்.

"இப்ப அமுக்கு" என்றாள்.

நான் பொத்தானைப் பார்த்தேன். முழங்கையால் முயன்றேன். குழந்தை நெளிந்து சிணுங்கியது. உடனே நிறுத்திவிட்டேன். அதற்குள் அலமாரி மேல் பெட்டி அந்தச் சிணுங்கலையும் வாங்கிக்கொண்டு விளக்குகளை மின்னவிட்டது. மின்னலுக்குக் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அழுகைக்கு விளக்கு, விளக்குக்கு அழுகை. காலை முழுக்க அவள் பட்டபாடு எனக்குப் புரிந்தது. தூக்கிவைத்திருந்தால் கை இல்லை, கை வேண்டுமென்றால் கீழே விட வேண்டும், விட்டால் அழும். யாரும் கவனிக்காத அழுகை என்று அம்மாவுக்குப் போன சேதியெல்லாம் அவள் இரண்டு கையாலும் கவனித்துக்கொண்டிருந்த அழுகை.

அம்மாவிடம் சொன்னேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவள். "இன்னிக்கு சரி" என்றாள். "இன்னொரு நாள் நெஜமாவே பாக்காம இருந்தா?" ஆனால் வந்ததற்குச் சமைத்துவிட்டுப் போகலாம் என்று எழுந்தாள். கோபத்திலும் அவளால் சும்மா இருக்க முடியாது. நான் முதல் வேலையாகப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. குழந்தையைத் தொட்டிலில் போட்டோம், தூங்கிவிட்டது. நான் பால்கனி ஓரம் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். தங்கை எனக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தினாள். அம்மா சமையலறையில் தேங்காய் அரைத்தாள்.

அந்த மிக்ஸிக்கு ஒரு லாரியின் தொண்டை. பலகைத் தரை முழுக்க அதிர்ந்தது. நான் திரையிலிருந்து தற்செயலாக நிமிர்ந்தபோது தங்கை கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங்கில் தொங்கிய சிவப்பு ரிப்பன் மெல்ல ஆடியது. அவள் துணியைக் கொடியில் வீசிவிட்டு என்னைத் தாண்டி நடந்தாள். தொட்டிலை எட்டியபோதுதான் குழந்தை வாயைத் திறந்தது. அது அழுதிருக்கும். நான் நாலடியில் இருந்தேன், மிக்ஸியில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அம்மா மிக்ஸியை அணைத்தாள். அப்போதுதான் அழுகையின் கடைசித் துண்டு அவள் காதில் விழுந்தது. கரண்டியோடு ஓடி வந்தாள். தங்கை தோளில் குழந்தையைப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவளையும் ஆடிக்கொண்டிருந்த ரிப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அழறதுக்கு முன்னாடி காலை உதைக்கும்" என்று தங்கை குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "அப்பவே வந்துடுவேன். அக்காவோட விளக்கு அதுக்கப்புறம்தான் மின்னும்."

மும்பை போய்விட்டு வரவேண்டாமா என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா எங்களுக்குப் பரிமாறினாள். தங்கை சாப்பிட்டு முடிக்கும் வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். அன்று முதல் தடவையாகக் கையால் பேசினாள், வாயும் கூடவே முணுமுணுத்தது.

"நீ பாத்துப்பேன்னு எனக்குத் தெரியும். நீ பாத்துக்க மாட்டேன்னு நான் நெனச்சதே இல்ல. வீட்டுல சத்தமே இல்லடி. அதாக்கும். அஞ்சு மாசம் இது அழுதுண்டும் கத்திண்டும் இருந்தது. இப்ப கடியாரம்தான் கேக்கறது. இவ காதுல ஒயரை மாட்டிண்டு உக்காந்துடறா. இந்தப் போன் அடிச்சப்ப எனக்குப் பயமா இருந்தது. ஆனா, எழுந்து போக ஒரு காரணம் கெடச்சுதேன்னும் இருந்தது."

இவ என்றது என்னை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு உடனே கோபம் வருகிற மாதிரியே கண்ணும் உடனே நிறையும். அம்மாவின் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டு, என் பக்கம் திரும்பினாள். தன் மூக்கில் இல்லாத கண்ணாடியை மெதுவாகத் தள்ளினாள். நான் நிமிர்ந்தேன்.

"உன் போனுக்கு ஆடு எது, அழுகை எதுன்னு தெரியும். சிரிப்பு தெரியுமா?"

சொல்லிக்கொடுத்தால் தெரியும் என்றேன்.

"இவ இப்ப சிரிக்க ஆரம்பிச்சிருக்கா. அப்பா வந்து வயித்துல ஊதினா உடம்பே குலுங்கும். எனக்குக் கையில தெரியும், நெஞ்சுல வச்சா முழுசாத் தெரியும். எனக்கு வேண்டியது கெடைச்சுடுது. சத்தம்தான் இந்த வீட்டுல வீணாப் போறது. அதை அம்மாவுக்கு அனுப்பேன்."

அம்மாவுக்கு அதை நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த காலிப் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். இனி பெட்டி கட்டுகிற பேச்சு இல்லை என்பதற்கு அவ்வளவுதான் அறிவிப்பு.

அன்றே பொத்தானைக் கழற்றிவிட்டேன். அழுகைச் சேதி வந்தால் பெட்டி தானே "கிடைத்தது" என்று சொல்லிவிடும், விளக்கு ஒரு தடவை மின்னும், போதும். பலகைத் தரையும் ரிப்பனும் தவறவிடுகிற நேரத்துக்கு அது இருக்கட்டும் என்று தங்கையே சொன்னாள். சிரிப்புக்குத் தனியாக ஒரு வரிசை. அதில் வருகிற சேதி சத்தத்தோடு அம்மாவின் போனுக்குப் போகும். போனே தானாகப் பதில் சொல்லும்படி விட்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்டாளா என்பது தங்கைக்குத் தெரியவேண்டாமா? அம்மாவின் திரையில் பெரிதாக ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். சிரிப்பைக் கேட்டதும் அமுக்கவேண்டும், எங்கள் வீட்டு வழக்கம்தான் என்று சொன்னேன். சரி சரி என்றாள்.

முதல் சிரிப்பு அவள் காய்கறிக் கடையில் நிற்கும்போது வந்ததாம். பஸ் இரைச்சலில் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுவிட்டு, கடைக்காரருக்கும் கேட்கக் கொடுத்தாளாம். அவர் ஒரு கட்டு கறிவேப்பிலை சும்மா கொடுத்தார் என்று பெருமை வேறு.

சில நாள் கழித்து என் திரையில் அம்மாவின் முகவரி சிவப்பாக நின்றது. சிரிப்பு போகிறது. பதில் இல்லை. மறுபடி போகிறது. பதில் இல்லை. ஒன்றுக்குக்கூடப் பதில் வந்திருக்கவில்லை. பொத்தானில்தான் கோளாறு என்று முடிவு செய்து, சாயங்காலம் வந்ததும் அவள் போனை வாங்கி அமுக்கிப் பார்க்கப் போனேன்.

"அமுக்காதே" என்றாள் அம்மா. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நீட்டிப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, நீ கிடைச்சுதுன்னு சொல்றதே இல்லையா?"

"சொன்னா நின்னுடுமே. நீதானே சொன்னே, சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும்னு."

அவள் இன்னும் இரண்டு தண்டைக் கிள்ளினாள்.

"காலம்பற நன்னா அடுத்தடுத்து வரது" என்றாள். "நாழியாக ஆகத்தான் ரொம்ப நேரம் விட்டு விட்டு வரது. சாயங்காலமானா வரதே இல்ல. வேலை ஒழிஞ்சு நான் உக்கார்ற நேரமே அப்பத்தான். அதை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் குடு."

கம்பெனியில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் இடைவெளி ஏன் கூடுகிறது என்று ஒரு பாடமே எடுத்திருப்பேன். லேப்டாப்பைத் திறந்து, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் இடைவெளி கூடாமல் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.